இரண்டு குமிழும் பாதியில்

ஆஸ்பத்திரியில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. ஸ்பேனர் என்றால்தான் தெரியும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பத்தாம் நம்பர் ஸ்பேனரைச் செருகிக்கொண்டு இருபத்திரண்டு வருடமாகத் திரிகிற மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? அடித்தளத்தில், சலவைப் பிரிவில் நிற்கும் ஆறு பெரிய இயந்திரங்களுக்கு அவர்தான் வைத்தியர். "மேல டாக்டருங்க ஆளைப் பாத்துக்கறாங்க, கீழ நான் போர்வையைப் பாத்துக்கறேன்" என்பார். போர்வை இல்லாமல் ஒரு நாள் ஆஸ்பத்திரியை நடத்திப் பார்க்கட்டும் என்றும் சேர்த்துக்கொள்வார். அவர் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை.

சூதாட்டம் கிடையாது, குடி கிடையாது, வம்பு தும்பு கிடையாது. கிறுக்கு மட்டும் ஒன்று உண்டு. அதன் நீளம் ஒன்றரை அடி. ரிமோட்டில் ஓடுகிற பக்கி வண்டி அது. நான்கு குண்டு டயர், வயிற்றில் பேட்டரி, மண்ணில் விட்டால் புழுதி கிளப்பிக்கொண்டு பறக்கும். பிள்ளைகள் விளையாடுகிற பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் மனிதர் முகம் சுண்டிப்போகும். வீட்டுக்காரி தினமும் அப்படித்தான் சொல்வாள். அவளிடம் மட்டும் முகம் சுண்டுவதில்லை, பழகிவிட்டது.

புது வண்டி வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பழைய வண்டியைக்கூடத் தனியாக வாங்க முடியவில்லை. அதனால் வீட்டுக்காரியின் அண்ணனும் அவரும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினார்கள். மச்சான் செல்போன் பழுது பார்க்கிறவர். நகம் அளவு சர்க்யூட்டில் முடியை விட மெல்லிய கம்பியைப் பற்ற வைக்கிற கை. மற்ற கடைக்காரர்கள் தங்களால் முடியாததை அவரிடம் கொண்டுவருவார்கள். பெரிய மெஷின் எல்லாம் இவர், சின்ன மெஷின் எல்லாம் அவர் என்று இரண்டு பேரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

திங்கள் முதல் புதன் வரை வண்டி ஸ்பேனர் வீட்டில். வியாழன் முதல் சனி வரை மச்சான் கடையில். ஞாயிற்றுக்கிழமை காலையில், மூடிக் கிடக்கும் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் மண் மைதானத்தில் இருவரும் மாறி மாறி ஓட்டுவார்கள், கடைசி ஓட்டம் எப்போதும் மச்சானுடையது. இதற்கு ஒரே ஒரு சட்டம். வண்டியில் யார் எதை மாற்றினாலும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டி மூடிக்குள் செருகி வைக்க வேண்டும். "பின் ஷாக்கில் எண்ணெய் மாற்றினேன்", "இடது பேரிங் கத்துகிறது, கவனி" என்று ஐந்து வருடச் சீட்டுகள் அந்த மூடிக்குள் கிடந்தன. கடிதம் எழுதிக்கொள்ளாத குடும்பத்தில் அது ஒன்றுதான் கடிதம்.

கையில் காசு இல்லாதவனின் வண்டியைப் பார்த்தால் அவன் எங்கே வேலை செய்கிறான் என்று சொல்லிவிடலாம். இந்த வண்டியின் முன் பம்பர், தேய்ந்த ரப்பர் செருப்பின் அடியிலிருந்து வெட்டியது. அடிப்பக்கம் புழுதி ஏறாமலிருக்க ஒட்டியது, ஆஸ்பத்திரியில் யாரும் வந்து வாங்காமல் விட்டுப்போன பழைய எக்ஸ்ரே பிலிம். யாரோ ஒருவருடைய முழங்கால் ஐந்து வருடமாக மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. மேல்கூடு விரிசல் விட்டபோது கட்டுத்துணியும் பசையும் வைத்து உள்ளே ஒட்டினார்கள். டயருக்குள் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச். பேரிங்குகளைத் தூக்கிப் போடாமல் பெட்ரோலில் ஊற வைத்து, ஊதி, எண்ணெய் விட்டு மறுபடி போடுவார்கள்.

ஒரு முறை ஸ்பேனர் ஆர்வக்கோளாறில் முன்சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஆர்மை எடுத்துவிட்டு அலுமினியத்தில் அறுத்துப் போட்டார். அடுத்த ஞாயிறே சுவரில் முட்டினார். ஆர்ம் அசையவில்லை, அதற்குப் பின்னால் இருந்த கியர்பெட்டி இரண்டாகப் பிளந்தது. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உனக்கு வேகம் ஜாஸ்தி மாப்ள. கையில ரிமோட் வந்தா கண்ணு மண்ணு தெரியாது." ஸ்பேனரும் சிரித்தார், ஆனால் அந்தப் பேச்சு உள்ளே எங்கேயோ தைத்துக்கொண்டு கிடந்தது.

குழப்பம் ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தது.

ரிமோட்டின் மேல் இரண்டு சின்னக் குமிழ்கள் உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதற்கு ஒன்று. விசையை முழுதாக இழுத்தால் எவ்வளவு வேகம் போக வேண்டும் என்பதற்கு மற்றொன்று. இரண்டும் எப்போதும் முழுசாகத்தான் இருக்கும். அன்று மாலை பெட்டியைத் திறந்தால் இரண்டும் பாதியில் நின்றன. மூடிக்குள் சீட்டு இல்லை.

"தெரியாமல் பட்டிருக்கும்" என்று முழுசாகத் திருப்பி வைத்தார். அடுத்த திங்கள் மறுபடி பாதி. சீட்டு இல்லை. திருப்பி வைத்தார். அதற்கடுத்த திங்கள் மறுபடி பாதி.

இது மட்டும் என்றால் பரவாயில்லை. மோட்டார் கம்பியில் மச்சான் வைத்திருந்த ஈயப்பற்று, எப்போதும் ஒரு துளி போலப் பளிச்சென்று இருப்பது, இந்த முறை சப்பி எடுத்த மிட்டாய் மாதிரி அப்பிக் கிடந்தது. மேல்கூட்டை மாட்டுகிற சின்ன ஊசிக் கிளிப்புகளைக் காணோம், பதிலுக்குத் தடித் தடியாகப் பெரிய கிளிப்புகள், அவற்றுக்கு டேப்பில் வால் வேறு. பின்சக்கரத்துக்கு அடியில் போட வேண்டிய மெல்லிய வளையம் போடாமலே திருகியிருந்தது.

ஸ்பேனருக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானா இப்படி? கோபமா, அலட்சியமா? வண்டியே அலுத்துவிட்டதா?

"உங்க அண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்று வீட்டுக்காரியிடம் கேட்டார்.

"எங்க அண்ணனுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. போன் பண்ணா ரெண்டு வார்த்தைல வெச்சுடுது. பொம்மைக்காக ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டீங்களா?"

"நான் எங்க முறைச்சேன்?"

"அப்ப நேரா போய்க் கேளுங்க."

நேராகப் போய்க் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் இரண்டு ஆண்கள், அதிலும் மாப்பிள்ளையும் மச்சானும், நேராகக் கேட்டுக்கொள்வதாவது! அவர் தானே உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். அந்த முடிவு தப்பு என்பதை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். 'உனக்கு வேகம் ஜாஸ்தி' என்று மச்சான் குத்திக் காட்டுகிறார். வாயால் சொன்னால் மரியாதைக் குறைவாக இருக்கும் என்று குமிழால் சொல்கிறார். அப்படித்தான் அவருக்குப் பட்டது. பட்டதும் ரோஷம் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் இரண்டு குமிழையும் முழுசாகத் திருப்பி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, காய்கிறவரைக்கும் ஊதினார். இனிமேல் யார் திருப்புகிறார்கள் பார்க்கலாம்!

அந்த ஞாயிறு மச்சான்தான் முதலில் ரிமோட்டை வாங்கினார். முதுகைக் காட்டித் திரும்பி நின்று, குமிழைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினார். ஸ்பேனர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

மச்சான் விசையை இழுத்தார். வண்டி கிளம்பிய வேகத்தில் இடது, வலது, இடது, வலது என்று வாலைச் சுழற்றிக்கொண்டு போயிற்று. நேராக ஒரு கை தூரம்கூடப் போகவில்லை. "மெதுவா, மெதுவா!" என்று ஸ்பேனர் கத்துவதற்குள் மின்கம்பத்தின் சிமென்ட் அடியில் மோதி, மூன்று குட்டிக்கரணம் போட்டுக் கவிழ்ந்தது. முன் ஷாக் இரண்டையும் தாங்கும் தட்டு உடைந்து தொங்கியது.

ஐந்து வருடத்தில் மச்சான் ஒரு முறைகூட எதிலும் மோதியதில்லை. ஒரு செருப்பு அகல இடைவெளிக்குள் வண்டியை விட்டு எடுக்கிற ஆள்.

அவர் வண்டியைத் தூக்கக்கூடப் போகவில்லை. ரிமோட்டைப் பெட்டிக்குள் வைத்தார். இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"மாப்ள, இனிமே வண்டிய நீயே வெச்சுக்க."

"என்ன மச்சான் இது? தட்டுதானே, மாத்திடலாம்."

"அதுக்கில்ல. நீயே வெச்சுக்க. எனக்கு வேணாம்."

போய்விட்டார். ஸ்பேனர் மைதானத்தின் நடுவில் உடைந்த வண்டியோடு நின்றார். ஜெயித்துவிட்ட மாதிரியும் இருந்தது, எதையோ கொன்றுவிட்ட மாதிரியும் இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. மச்சான் வண்டியை எடுத்துப் போக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர் தனியாக மைதானத்துக்குப் போனார். பழைய சாப்பாட்டுத் தட்டிலிருந்து அறுத்த புதுத் தட்டைப் போட்டு வண்டியைச் சரி பண்ணியிருந்தார். குமிழ் இரண்டும் முழுசில்தான் ஒட்டிக் கிடந்தன. விட்டுப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. பத்து முறை விட்டார், பத்து முறையும் நேராகப் போயிற்று. அப்படியென்றால் அன்றைக்கு ஏன் பாம்பு மாதிரி நெளிந்தது? வேண்டுமென்றே செய்தாரா? தன் வண்டியைத் தானே உடைப்பாரா ஒரு மனிதர்? மண்டை காய்ந்ததுதான் மிச்சம். தனியாக ஓட்டுவதில் ஒரு சுகமும் இல்லை என்பது மட்டும் புரிந்தது. கால் மணி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஒரு பொம்மைக்காக மச்சானை இழந்துவிட்டோமோ என்று முதல் முறையாகப் பயம் வந்தது. ஆமாம், அன்றைக்கு அவரே அதைப் பொம்மை என்றுதான் நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை, சலவைப் பிரிவில், உலர்த்துகிற பக்கம் வேலை செய்கிற அக்கா ஈரப் போர்வையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

"மூணாம் நம்பர்ல போட்டது எல்லாம் சொட்டச் சொட்ட வருது. பிழியற வேகத்த எதுக்கு இப்படிக் கொறச்சு வெச்சிருக்க?"

ஸ்பேனர் சுற்றும் முற்றும் பார்த்தார். மேற்பார்வையாளர் இல்லை. குரலைத் தாழ்த்தினார்.

"அதோட பேரிங் தேஞ்சு போச்சுக்கா. முழு வேகத்துல விட்டா ஆட்டம் தெரிஞ்சிடும். ஆட்டம் தெரிஞ்சா வேலைக்கு ஆகாதுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. பாதில விட்டா யாருக்கும் தெரியாது."

சொல்லி முடித்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது.

பாதியில் விட்டால் யாருக்கும் தெரியாது.

அக்கா இன்னும் ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றும் காதில் விழவில்லை. அப்பிக் கிடந்த ஈயப்பற்று, விரலுக்கு வாகாகப் பெரிய கிளிப், அதில் டேப் வால், போடாமல் விட்ட மெல்லிய வளையம் என்று ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அடித்தது. எழுதாமல் விட்ட சீட்டுகளும் வந்தன. எழுதாமல் விட்டது கோபத்தில் இல்லை, எழுதினால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால். ஸ்டியரிங்கைப் பிடித்த கை ஆடியிருக்கிறது. முழுசில் வைத்தால் அந்த ஆட்டம் அத்தனையும் சக்கரத்துக்குப் போகும். பாதியில் வைத்தால் பாதிதான் போகும். எத்தனை நாளாகவோ, அந்த மனிதர் தன் கையை அந்த இரண்டு குமிழுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். நம்ம ஆள் அதில் பசை விட்டு ஒட்டினார்! அதுவும் ஊதி ஊதிக் காய வைத்து!

ஸ்பேனர் அங்கேயே துணிக்கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று மாலை குமிழ்களை இடுக்கியால் பிடித்துப் பிடுங்கினார். ஒன்று உடைந்தே போயிற்று, பேனா மூடியை வெட்டி அதன் இடத்தில் வைத்தார். இரண்டையும் பாதிக்குத் திருப்பினார். பிறகு ரிமோட்டைப் பிரித்தார். ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பி விட்டால் அது தானாக நடுவுக்கு வருவதற்கு உள்ளே ஒரு ஸ்பிரிங் உண்டு. அதோடு இன்னொரு ஸ்பிரிங்கைச் சேர்த்துப் போட்டார். இப்போது வேண்டுமென்று அழுத்தித் திருப்பினால்தான் சக்கரம் திரும்பும், சின்ன நடுக்கத்துக்கெல்லாம் அசையாது. பிடிக்கு வாகாக ஸ்பாஞ்ச் சுற்றினார். வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"சமாதானம் ஆயாச்சா?"

"தெரியல" என்றார். உண்மையிலேயே தெரியவில்லை. இப்படிச் செய்து கொடுத்தால் மச்சான் சந்தோஷப்படுவாரா, கண்டுபிடித்துவிட்டானே என்று கூசிப்போவாரா? தெரியாத மாதிரி இருந்துவிடுவதுதான் மரியாதையோ? அவளிடம் சொல்லலாமா? அவளுடைய அண்ணன் ஆயிற்றே. மச்சானே சொல்லாததை இவர் எப்படிச் சொல்வது? புதன் முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டே கழித்தார். போர்வையெல்லாம் அவர் பார்வைக்கு ஒரே மாதிரி தெரிந்தன.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். நான்கு பேர் நின்றால் நிறைந்துவிடும் கடை. சுவர் முழுக்கப் போன் உறைகள் தொங்கின. வேலை மேசையில் பூதக்கண்ணாடி விளக்கு துணி போட்டு மூடியிருந்தது, பற்ற வைக்கிற கோல் அதன் தாங்கியில் குளிர்ந்து கிடந்தது. ஒரு பெண் போனை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"சார்ஜ் ஏற மாட்டேங்குதுங்க. பிளக் மாத்தணுமாம்."

"அந்த வேலை நம்மகிட்ட இல்லங்க. அடுத்த தெருவுல பாருங்க" என்றார் மச்சான்.

அடுத்த தெருக்காரனே தன்னால் முடியாததை இங்கேதான் கொண்டுவருவான்.

அந்தப் பெண் போனதும் பெட்டியைக் கண்ணாடி மேசையின் மேல் வைத்தார்.

"நான்தான் சொன்னேனே மாப்ள, நீயே வெச்சுக்கன்னு." மச்சானின் வலது கை பைக்குள் இருந்தது.

"திறந்து பாருங்க."

மச்சான் இடது கையால் மூடியைத் திறந்தார். சீட்டு இருந்தது. ஸ்பேனரின் குண்டு எழுத்து: "இரண்டு குமிழும் பாதி. ஸ்டியரிங்கில் ஸ்பிரிங் இரண்டு. இனிமேல் இதுதான் செட்டிங்."

மச்சான் அதை வெகுநேரம் படித்தார். மூன்று வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"பாதி வேகத்துல நீ ஓட்டுவியா?"

"ஓட்டுவேன். எனக்குத்தான் வேகம் ஜாஸ்தியாச்சே."

"பொய் சொல்லாத. உனக்குப் பொய் வராது." பிறகு, "அந்தப் பசை..." என்று இழுத்தார்.

"நான்தான் போட்டேன்."

"அது தெரியும். வேற எந்த அறிவாளி போடுவான்? ஏன் போட்ட?"

"நீங்க என்னைக் குத்திக் காட்டறீங்கன்னு நெனச்சேன் மச்சான்."

மச்சான் அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார். கியர்பெட்டி பிளந்த அன்று சிரித்த மாதிரியே சிரித்தார், ஆனால் முடிக்கிறபோது கண் நனைந்திருந்தது. பைக்குள் இருந்த வலது கையை வெளியே எடுத்து, கண்ணாடி மேசையின் மேல் மெல்ல வைத்தார். விரலில் இருந்த மோதிரம் கண்ணாடியில் டிக் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. அவர் அதை நிறுத்தப் பார்க்கவில்லை.

"நாலு மாசமாச்சு" என்றார்.

"டாக்டர்ட்ட காட்டினீங்களா?"

"காட்டினா அதுக்கு ஒரு பேர் வெச்சுடுவாங்க மாப்ள. பேர் வெச்சுட்டா கடை போச்சு."

போகாது என்று சொல்லலாம், அது பொய்யாக இருக்கலாம். போகும் என்றும் சொல்ல முடியாது. மோதிரம் தட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியல மச்சான். இது என்னன்னும் தெரியாது, என்ன ஆகும்னும் தெரியாது. ஆனா எங்க ஆஸ்பத்திரில எந்தக் கதவு வழியாப் போனா கூட்டம் இருக்காதுன்னு தெரியும். நான் கூட வர்றேன்."

மச்சான் பெட்டிக்குள் இருந்த ரிமோட்டின் ஸ்டியரிங்கை வலது கையால் இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு, "பேனா குடு" என்றார்.

ஸ்பேனர் சட்டைப் பையைத் தொட்டார். ஸ்பேனர்தான் இருந்தது. மச்சானே தலையில் அடித்துக்கொண்டு மேசையடியிலிருந்து ஒரு பேனாவைத் தேடி எடுத்தார். சீட்டைத் திருப்பிப் போட்டார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எழுத்து மேலும் கீழும் போயிற்று, ஒரு சுழி இன்னொரு சுழியின் மேல் ஏறியது. 'சொல்லுங்க, நான் எழுதறேன்' என்று ஸ்பேனருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றார். அவர் வாழ்நாளில் செய்த கஷ்டமான வேலைகளில் அது ஒன்று.

எழுதி முடித்து மச்சான் சீட்டை அவர் பக்கம் தள்ளினார். இரண்டு முறை படித்தால்தான் புரிந்தது.

"இரண்டு ஸ்பிரிங் ரொம்ப இறுக்கம். ஒன்றை எடு. திங்கட்கிழமை லீவு சொல்."

ஸ்பேனர் அங்கேயே நின்று ரிமோட்டைப் பிரித்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்தார். சீட்டை மடித்து, பழைய சீட்டுகளோடு மூடிக்குள் செருகினார். பெட்டியை மேசையின் மேலேயே விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். அன்று வியாழக்கிழமை. வண்டி மச்சானிடம் இருக்க வேண்டிய நாள்.